லென் ஷாக்கில்டனின் வெற்றுப் பக்கம்: அதைத் தாண்டிப் படித்தவர்கள் இருக்கிறீர்களா?

பதிவு 1 | பழைய பந்து

ஷாக்கில்டன் 1955-இல் எழுதிய தன்வரலாற்றை ஒருவழியாகப் படித்து முடித்துவிட்டேன். 'கிளவுன் பிரின்ஸ் ஆஃப் சாக்கர்', அதாவது கால்பந்தின் கோமாளி இளவரசன், என்று பேர். பழைய ஆங்கிலக் கால்பந்து பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இந்தப் புத்தகத்தை இழுப்பார், இழுத்த கையோடு ஒன்பதாம் அத்தியாயத்தைச் சொல்லிச் சிரிப்பார். சராசரி கிளப் இயக்குநருக்கு (கிளப்பை நடத்தும் நிர்வாகக் குழுக்காரருக்கு) கால்பந்து பற்றி என்ன தெரியும் என்பது அத்தியாயத்தின் தலைப்பு. கீழே ஒரு எழுத்துகூடக் கிடையாது. ஆசிரியரின் விருப்பப்படி இது காலியாக விடப்பட்டிருக்கிறது என்று ஒரு சின்னக் குறிப்பு மட்டும்.

நல்ல குறும்புதான், மறுக்கவில்லை. ஆனால் இத்தனை வருஷமாக எல்லாரும் அந்த வெள்ளைத் தாளையே காட்டிக்கொண்டிருக்கிறார்களே தவிர, எழுதிய தாள்களைப் பற்றிப் பேச்சே காணோம். எனக்கு இது கோமாளி எழுதிய புத்தகமாகப் படவில்லை. ஒரு தொழிலாளி முதலாளிகள்மேல் கொடுத்த புகார் மனுவாகத்தான் படுகிறது.

ஆளைத் தெரியாதவர்களுக்காக: 1922-இல் பிராட்ஃபோர்டில் பிறந்தவர். இன்சைடு ஃபார்வர்டு, அதாவது சென்டர் ஃபார்வர்டுக்குப் பக்கத்தில் ஆடும் தாக்குதல்காரர். இங்கிலாந்துப் பள்ளி மாணவர் அணிக்கு ஆடிவிட்டு அர்செனலில் மைதான வேலைப் பையனாகச் சேர்ந்தார். 1939-இல் மேனேஜர் ஜார்ஜ் அலிசன், நீ தேறமாட்டாய் என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஊருக்கு வந்து பிராட்ஃபோர்டு பார்க் அவென்யூ கிளப்பில் ஆடினார். போர்க்காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை பார்த்தார். 1946 அக்டோபரில் நியூகாசில் 13,000 பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. முதல் ஆட்டமே நியூபோர்ட் கவுண்டியோடு. 13-0. அதில் 6 கோல் இவருடையது. அந்தப் பூஜ்யமே நியூபோர்ட்டுக்கு அதிர்ஷ்டத்தில் கிடைத்ததுதான் என்று பிற்பாடு சொன்னாராம்.

1948 பிப்ரவரியில் பக்கத்து ஊர்ப் பகையாளியான சண்டர்லாந்துக்கு மாறினார். விலை 20,050 பவுண்டு, பிரிட்டனில் அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் கொடுக்காத தொகை. போட்டிக்கு நிற்கும் கிளப்புகள் முழு எண்ணாக 20,000 என்றுதான் எழுதும், 50 சேர்த்துப் போட்டால் முந்திவிடலாம் என்று சண்டர்லாந்து கணக்குப் போட்டதாகச் சொல்வார்கள். சரி, அந்த 20,050-இல் ஆடப்போகிறவர் கைக்கு விதிப்படி எவ்வளவு வரும் தெரியுமா? 10 பவுண்டு. கையெழுத்துப் போடுவதற்கான தொகை அவ்வளவுதான். போட்டிகளை நடத்தும் அமைப்பான லீக் வைத்த உச்சவரம்பு அது.

இந்த 10 பவுண்டுக்கும் 20,050-க்கும் நடுவே இருக்கிற இடம்தான் புத்தகம் முழுக்க. இதைப் பேச யாராவது வருகிறீர்களா, இல்லை வெள்ளைத் தாள் ஜோக்கோடு இழை முடிந்துவிடுமா?

பதிவு 2 | ஆஃப்சைடு

வெள்ளைத் தாள் ஜோக் சொல்லத்தான் வந்தேன், வாயை அடைத்துவிட்டீர்கள் :)

எனக்கு இந்த ரகப் புத்தகங்கள்மேல் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. பத்திரிகைக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கி எழுதுவது, ஆட்டக்காரர் முகம் அட்டையில் வருவது. ஷாக்கில்டன் பற்றிச் சொல்லும் கதைகளைப் பாருங்கள். கார்னர் கொடியில் பந்தை அடித்து, அது திரும்பி வரும்போது எதிராளியைத் தாண்டிப் போனார். அர்செனலோடு ஆடும்போது பெனால்டி கட்டத்துக்குள் பந்தின்மேல் காலை வைத்து நின்று தலை வாரினார், மணி பார்த்தார். கோல் கோட்டில் பந்தை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்தார். இதெல்லாம் நடந்ததா, சாராயக் கடையில் வளர்ந்ததா?

பதிவு 3 | ரோக்கர் எண்ட்

நான் வடகிழக்கு இங்கிலாந்தில் இருக்கிறேன், பெயரைப் பார்த்தாலே ஊர் தெரிந்துவிடும். சண்டர்லாந்தின் ரோக்கர் பார்க் மைதானம் இன்றைக்கு இல்லை. 1997-இல் சண்டர்லாந்து கிளப் புது ஸ்டேடியத்துக்குப் போனதும் பழையதை இடித்துவிட்டு வீடு கட்டிவிட்டார்கள். தெருப் பெயர்களில் மட்டும் மைதானம் மிச்சம் இருக்கிறது. புரமோஷன் குளோஸ், கோல்மவுத் குளோஸ், டர்ன்ஸ்டைல் மியூஸ், மிட்ஃபீல்டு டிரைவ். நடுத்தர வர்க்கத்துச் செங்கல் வீடுகள், வாசலில் கார், பெயர்ப் பலகையில் கோல்மவுத். புது ஸ்டேடியம் நிற்பது பழைய மங்க்வியர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில். வெளியே பெரிய சுரங்க விளக்குச் சின்னம் ஒன்று வைத்திருக்கிறார்கள்.

சின்ன வயதில் ஷாக்கைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இன்னும் ஒன்றிரண்டு பேர் உண்டு. தலை வாரிய கதையை நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள், அதை விடுங்கள். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லும் விஷயம் ஒன்றுதான்: பந்து அவரிடமே திரும்பி வரும். முன்னால் உதைப்பார், டிஃபெண்டர் பந்தை நோக்கிப் பாய்வார், பந்து தரையில் பட்டதும் பின்பக்கம் சுழன்று ஷாக்கின் காலடிக்கே வந்துவிடும். பில்லியர்ட்ஸ் மேசையில் செய்கிற வேலை.

இதை எந்தப் பந்தில் செய்தார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 18 துண்டுத் தோலைத் தைத்து, உள்ளே ரப்பர் பிளாடர் வைத்து ஊதி, வாயை ஷூ நாடா மாதிரி கயிற்றால் கட்டிய பந்து. ஆட்டம் தொடங்கும்போது எடை 14 முதல் 16 அவுன்ஸ் இருக்க வேண்டும் என்பது விதி. தொடங்கும்போது மட்டும்தான். ஜனவரி மழையில் தோல் தண்ணீர் குடித்த பிறகு அதை யாரும் நிறுத்துப் பார்க்கப் போவதில்லை. நாடா முடிச்சு நெற்றியில் பட்டால் தழும்பு. காலில் கணுக்கால் மூடும் தோல் பூட்ஸ், அடியில் ஆணி வைத்து அடித்த தோல் குமிழ்கள். மைதானத்தில் நவம்பர் பிறந்தால் ஓரத்தில் மட்டும்தான் புல், நடுவில் சேறு. அந்தச் சேற்றில், அந்தப் பந்தை, பின்பக்கம் சுழல விட்டிருக்கிறார். தலை வாரினாரா என்பது எனக்கு முக்கியமில்லை.

இன்னொன்று. தலையால் முட்டியது பற்றிச் சிரித்துப் பேசுகிற காலம் போய்விட்டது. ஜெஃப் ஆஸ்ல் 2002-இல் இறந்தபோது, பந்தைத் திரும்பத் திரும்பத் தலையால் முட்டியதில் மூளை பாதிக்கப்பட்டது, இது தொழில்சார் நோய் என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அவர் அடுத்த தலைமுறை, அறுபதுகளின் ஆள். ஐம்பதுகளில் ஆடிய எத்தனையோ பேருக்குக் கடைசிக் காலத்தில் சொந்தப் பெயர்கூட நினைவில்லை.

பதிவு 4 | கணக்கர்

இழை தொடங்கியவர் பெரிய பெரிய வார்த்தை போட்டதால் கொஞ்சம் எண்களைப் பார்ப்போம்.

வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு என்று ஒன்று 1901-இலிருந்தே இங்கிலாந்தில் இருந்தது. போருக்குப் பிறகு 1947-இல் 12 பவுண்டு, 1951-இல் 14, 1953-இல் 15, 1957-இல் 17, 1958-இல் 20. கோடையில் ஆட்டம் இல்லாத மாதங்களுக்கு இதைவிடக் குறைவு. ஜெயித்தால் 2 பவுண்டு, சமன் செய்தால் 1 பவுண்டு போனஸ்.

ஷாக்கில்டன் புத்தகம் எழுதிய 1955-இல் உச்சம் 15 பவுண்டு. அதே வருஷம் அந்த நாட்டில் ஆண் தொழிலாளியின் சராசரி வாரக் கூலி ஏறத்தாழ 11 பவுண்டு. ஆக, கேலரியில் நின்று பார்த்த கப்பல் தளத் தொழிலாளியைவிட மைதானத்தில் ஓடியவர் கூடுதலாகத்தான் வாங்கினார். அதுவும் வெளிச்சத்தில், காற்றோட்டத்தில். பூமிக்கு அடியில் கரி வெட்டியவன் இவர்கள் புகாரைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பான்? கொத்தடிமை என்கிற தொனி எனக்கு ஒப்பவில்லை.

பதிவு 5 | மாலதி

கணக்கர் சார், சராசரியோடு ஏன் ஒப்பிடுகிறீர்கள்? அந்தத் தொழிலில் உச்சத்தில் இருந்த ஆள் ஷாக்கில்டன். ஸ்டான்லி மேத்யூஸும் அப்படியே. அதே வருஷம் மேடையில் பாடியவனுக்கு, சினிமாவில் நடித்தவனுக்கு உச்சவரம்பு இருந்ததா? 1948-49 சீசனில் லீக் ஆட்டங்களுக்கு வந்த கூட்டம் 4 கோடிக்கும் மேல். அந்த எண்ணிக்கையை இன்றுவரை முறியடிக்கவில்லை. கொட்டகை நிரம்பி வழிகிறது, ராஜபார்ட்டுக்கு மட்டும் வரம்பு.

அப்புறம், 15 பவுண்டு என்பது உச்சம்தானே. எல்லாருக்கும் அதைக் கொடுக்க வேண்டும் என்று விதி இல்லை. நிறையப் பேர் அதற்குக் கீழேதான் வாங்கினார்கள். முப்பத்தைந்து வயதில் கால் போனால் கதை முடிந்தது. கரி வெட்டுகிறவருக்கும் கால் போகும் என்பது வேறு கொடுமை, ஆனால் அது இதற்குப் பதில் ஆகாது.

பதிவு 6 | பழைய பந்து

மாலதி சொன்னதோடு சேர்த்து என் பங்கு. கணக்கர் சொன்ன எண்கள் எல்லாம் சரி. ஆனால் பூட்டு சம்பளத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தது. புத்தகத்தில் ஷாக்கில்டன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதும் இடமும் அதுதான்.

நடைமுறை இப்படி. ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்குத்தான். சீசன் முடிந்ததும் கிளப் பட்டியல் போடும்: யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விற்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம். வைத்துக்கொள்ளும் பட்டியலில் உங்கள் பெயர் வந்துவிட்டால், புது ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டாலும் உங்கள் பதிவு கிளப்பிடமே இருக்கும். வேறு எந்த லீக் கிளப்புக்கும் ஆட முடியாது. சம்பளமும் கிடையாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் இதே நிலைதான்! பல பேர் குடியிருந்தது கிளப் வீட்டில், ஆகவே முறைத்துக்கொண்டால் கூரைக்கும் ஆபத்து.

டாம் ஃபின்னி கதை தெரியும்தானே? பிரஸ்டன் அணியின் ஃபின்னி, ஐம்பதுகளின் மிகச் சிறந்த விங்கர்களில் ஒருவர், இன்னொரு பக்கம் குழாய் வேலை செய்கிற பிளம்பர். 1952-இல் இத்தாலியிலிருந்து பலெர்மோ கிளப் கூப்பிட்டது. கையெழுத்துக்கு 10,000 பவுண்டு, மாதம் 130, வீடு, கார். பிரஸ்டன் விடவில்லை. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. ஃபின்னி திரும்பவும் பிரஸ்டனுக்கே ஆடினார், குழாய் வேலையையும் பார்த்தார். ஓய்வு பெறும்வரை வேறு கிளப் சட்டை போடவில்லை. விசுவாசத்துக்கு உதாரணம் என்று அவரைச் சொல்வார்கள். போகவிட்டிருந்தால் போயிருப்பாரா மாட்டாரா என்பதைச் சோதித்துப் பார்க்க யாரும் இடம் கொடுக்கவில்லையே.

பதிவு 7 | கணக்கர்

ஃபின்னி விஷயத்தில் வாதம் இல்லை.

ஆனால் இயக்குநர்கள் காசை அள்ளிக்கொண்டு போனார்கள் என்கிற மாதிரி யாராவது எழுதுவதற்கு முன் ஒன்று. லீக் கிளப்புகளில் பங்கு ஈவுத்தொகைக்கும் வரம்பு இருந்தது, 7.5 சதவீதம். இயக்குநர் பதவிக்குச் சம்பளமும் கிடையாது. ஊரில் கசாப்புக் கடை முதலாளி, மது ஆலைக்காரர், கட்டட ஒப்பந்தக்காரர் என்று இருந்தவர்கள் கௌரவத்துக்காக வந்து உட்கார்ந்தார்கள். சனிக்கிழமை இயக்குநர் பெட்டியில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பதுதான் லாபம். அப்படியானால் வாசலில் வசூலான பணம் எங்கே போனது? கேளிக்கை வரிக்கு ஒரு பங்கு. பெரும்பங்கு டிரான்ஸ்பருக்கு, அதாவது வேறு கிளப்பிலிருந்து ஆள் வாங்குவதற்கு. சண்டர்லாந்து நியூகாசிலுக்குக் கொடுக்கும், நியூகாசில் வேறொருவருக்குக் கொடுக்கும். பணம் கிளப்பிலிருந்து கிளப்புக்கு வட்டமடித்துக்கொண்டே இருந்தது. சம்பளத்தைப் பூட்டி வைத்ததால்தான் ஆள் விலை அப்படி ஏறியது. 1948-இல் 20,050. 1951-இல் ஜாக்கி சீவெலுக்கு ஷெஃபீல்டு வெட்னஸ்டே கொடுத்தது 34,500.

பதிவு 8 | மாலதி

இது நல்ல பாயிண்ட், சார். உங்கள் வாதத்துக்கு நீங்களே ஆப்பு வைத்துக்கொண்ட மாதிரியும் இருக்கிறது :)

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒரு உபரித் தகவல். கால்பந்தில் ஐந்து வருஷம் ஒரே கிளப்புக்கு ஆடினால் பெனிஃபிட் தொகை என்று ஒன்று கொடுக்கலாம், அதற்கும் உச்சவரம்பு 750 பவுண்டு. கொடுப்பதும் கொடுக்காததும் கிளப் இஷ்டம். கொடுத்தால் அதற்கு வருமான வரி கட்ட வேண்டும். கென்ட் அணியின் ஜேம்ஸ் சீமூர் என்ற கிரிக்கெட்காரர் வழக்கில் 1927-இலேயே, பெனிஃபிட் ஆட்ட வசூல் ரசிகர்கள் பிரியப்பட்டுக் கொடுக்கும் பரிசு, வரி கிடையாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. கால்பந்துக்காரர் வழக்கு 1941-இல் போனபோது, இது வேலைக்கான கூலி, வரி உண்டு என்று சொல்லிவிட்டார்கள். ஷாக்கில்டன் நார்தம்பர்லாந்துக்குக் கோடையில் கிரிக்கெட்டும் ஆடியவர். இரண்டு பக்கமும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

பதிவு 9 | பின்வரிசை

கொலம்பியாவுக்கு ஓடினவங்களை மறந்துட்டீங்களே. 1950-ல நீல் ஃபிராங்க்ளின், இங்கிலாந்தோட சென்டர் ஹாஃப் (நடு டிஃபெண்டர்), உலகக் கோப்பை வேண்டாம்னுட்டு பொகோட்டாவுக்கு பிளேன் ஏறிட்டார். சான்டா ஃபே கிளப். மான்செஸ்டர் யுனைடெட் சார்லி மிட்டனும் போனார். கொலம்பியா அப்போ ஃபிஃபாவுக்கு வெளியே இருந்ததால டிரான்ஸ்பர் விதி எதுவும் செல்லாது. ஃபிராங்க்ளின் கொஞ்ச நாள்லயே திரும்பிட்டார், தடை வாங்கினார், அப்புறம் இங்கிலாந்துக்கு ஆடவே இல்லை. அவர் இல்லாத அணிதான் பிரேசில்ல அமெரிக்காகிட்ட 1-0னு தோத்தது.

பதிவு 10 | ஆஃப்சைடு

சரி, ஒப்பந்தம் மோசம், இயக்குநர்கள் மோசம், ஏற்றுக்கொள்கிறேன். இப்போது ஷாக்கில்டன் பக்கம் வருவோமா? இந்த இழையில் அவரை ஒரு தியாகி ஆக்கிவிட்டீர்கள்.

சண்டர்லாந்துக்கு அப்போது 'பாங்க் ஆஃப் இங்கிலாந்து கிளப்' என்றே பட்டப்பெயர். கையில் அவ்வளவு காசு. ஷாக்கில்டன் இருந்த ஒன்பதரை வருஷத்தில் வாங்கிய கோப்பை எத்தனை? ஒன்றும் இல்லை. 1949 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் லீக்கிலேயே இல்லாத யோவில் என்ற ஊரிடம், சரிவான மைதானத்தில், 2-1 என்று தோற்றார்கள். ஷாக்கில்டன் அன்று ஆடினார். 1950-இல் பட்டத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் தவறவிட்டார்கள், முதலிடத்துக்கு ஒரே ஒரு புள்ளி குறைவு. அந்த ஏப்ரலில் சொந்த மைதானத்தில் தோற்றது யாரிடம்? அந்த வருஷம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிப் போன மான்செஸ்டர் சிட்டியிடம்.

டிரெவர் ஃபோர்டு 1950-இல் 30,000 பவுண்டுக்கு வந்தார். வேல்ஸ் சென்டர் ஃபார்வர்டு, எருது மாதிரி முட்டுகிற ஆள். ஷாக்கில்டனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. வேண்டுமென்றே பந்தைச் சுழல விட்டு, தன்னால் கட்டுப்படுத்த முடியாதபடி பாஸ் கொடுக்கிறார் என்பது ஃபோர்டின் குற்றச்சாட்டு. ஒரு ஆட்டத்தில் ஷாக்கில்டன் எல்லாரையும் தாண்டி, கோல்கீப்பரையும் தாண்டி, காலி கோலுக்கு முன்னால் பந்தை ஃபோர்டுக்குத் தட்டிவிட்டு, நான் பாஸ் கொடுப்பதில்லை என்று இனிச் சொல்லாதே என்றாராம். எல்லாரும் சிரிக்கிற கதை. ஃபோர்டு இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். கேலிக்குக் காசு கொடுத்துக் கூட்டம் வரலாம், பட்டம் வராது.

பதிவு 11 | ரோக்கர் எண்ட்

ஆஃப்சைடு, இதை இந்த ஊர் பஸ்ஸில் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள்.

பட்டம் வராததற்கு ஷாக் ஒருவரே காரணம் என்பது சரியில்லை. காசைக் கொட்டி நட்சத்திரங்களை வாங்கினார்களே தவிர அணி கட்டவில்லை. யோவிலில் அவரோடு இன்னும் பத்துப் பேர் ஆடத்தான் செய்தார்கள். சிட்டி ஆட்டத்தில் சண்டர்லாந்துக்குக் கிடைத்த பெனால்டியைச் சிட்டி கோல்கீப்பர் பெர்ட் டிராட்மன் தடுத்தார். திரும்ப அடிக்கச் சொன்னார்கள், அதையும் தடுத்தார். அடித்தது ஷாக் இல்லை.

ஃபோர்டு விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஃபோர்டுடைய கதையின் மீதியும் வேண்டும். ஷாக்கைப் பார்த்து அவரும் ஒரு புத்தகம் எழுதினார். சண்டர்லாந்தில் இருந்தபோது வரம்புக்கு மேல் மேசைக்கடியில் பணம் வாங்கினேன் என்று அதில் வெளிப்படையாகச் சொன்னார். தடை விதித்தார்கள். கடைசியில் ஹாலந்துக்குப் போய் பி.எஸ்.வி. ஐந்தோவனுக்கு ஆடினார்.

அது ஒரு பக்கம் நடக்க, 'மிஸ்டர் ஸ்மித்' என்று கையெழுத்திட்ட மொட்டைக் கடிதம் லீக் செயலாளர் ஆலன் ஹார்டேக்கருக்குப் போனது. சண்டர்லாந்து ரகசியமாகப் பணம் கொடுக்கிறது, கணக்கைப் பாருங்கள் என்று. பார்த்தார்கள். மைதானம் பனியில் உறையாமல் இருக்க வைக்கோல் பரப்புவார்கள் அப்போது. அந்த வைக்கோல் செலவுக் கணக்கு அளவுக்கு மீறி வீங்கியிருந்தது. ஒப்பந்தக்காரருக்குக் கூடுதலாகக் கொடுத்து, அது சுற்றித் திரும்பி வந்து, ஆட்டக்காரர் கைக்குப் போனது. 1957-இல் கிளப்புக்கு 5,000 பவுண்டு அபராதம். சேர்மன் பதவியை இழந்தார், மேனேஜர் பில் மரேயும் அபராதம் கட்டிவிட்டு விலகினார். மறு வருஷம், 1958-இல், சண்டர்லாந்து வரலாற்றில் முதல் தடவையாக முதல் பிரிவை விட்டுக் கீழே இறங்கியது.

பதிவு 12 | பின்வரிசை

வைக்கோலுக்கு 5,000 பவுண்டா? மைதானத்துல மாடு கட்டியிருந்தாங்களா?

பதிவு 13 | கணக்கர்

தணிக்கையில் உட்கார்ந்தவனுக்கு இந்தக் கதை புதிதில்லை. எங்கே விலையை ஒப்பிட்டுப் பார்க்க முடியாதோ அங்கேதான் பில் வீங்கும். வைக்கோல், மண், சுண்ணாம்பு. எண்ணிப் பார்க்க மாட்டார்கள், போன வருஷத்துச் சரக்கு மட்கிப்போயிருக்கும்.

ஆனால் இதில் ஒன்று கவனித்தீர்களா? வரம்பு வைத்தது லீக். லீக் என்றால் யார்? கிளப்புகள்தான். தாங்களே ஓட்டுப் போட்டு வைத்த வரம்பைத் தாங்களே வைக்கோலுக்குள் ஒளிந்து மீறினார்கள். சண்டர்லாந்து மட்டும்தான் செய்தது என்று நம்ப நான் தயாரில்லை. ஆட்டக்காரர் சங்கத்தில் ஜிம்மி ஹில் பிற்பாடு ஒரு காரியம் செய்தார்: நாங்களும் வாங்கியிருக்கிறோம் என்று நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். எல்லாரையும் தண்டித்தால் சனிக்கிழமை ஆட ஆள் ஏது?

பதிவு 14 | பழைய பந்து

கணக்கர் மெதுவாக என் பக்கம் நகர்ந்து வருகிறார். யாரும் சத்தம் போடாதீர்கள்.

கால வரிசையை மட்டும் ஒருதரம் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்கள் குழம்பக் கூடாது. ஷாக்கில்டன் புத்தகம் 1955. அப்போது அவர் ஓய்வு பெறவில்லை, அதே சண்டர்லாந்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். கணுக்கால் போய் ஆட்டத்தை விட்டது 1957-இல். அதாவது தன்னை விற்கவும் உட்கார வைக்கவும் அதிகாரம் உள்ளவர்களுக்கு வெள்ளைத் தாளை நீட்டினார். ஓய்வுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய வீரம் இல்லை. 1957-இல் ஃபோர்டும் வைக்கோல் விவகாரமும். 1961 ஜனவரியில், வேலைநிறுத்த மிரட்டலுக்குப் பிறகு, சம்பள வரம்பு போனது. ஃபுல்ஹாம் அணியின் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு. ஆனால் நான் சொன்ன பட்டியல் பூட்டு அதற்குப் பிறகும் இருந்தது. நியூகாசிலை விட்டுப் போக விடவில்லை என்று ஜார்ஜ் ஈஸ்தம் ஆட மறுத்து, தெற்கே போய் தக்கை விற்கும் வேலை பார்த்தார். 1960-இல் அர்செனலுக்கு விட்டார்கள், அதன் பிறகும் அவர் வழக்கை விடவில்லை. 1963-இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், இது ஒருவர் தொழில் செய்வதற்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பு எழுதினார். ஷாக்கில்டன் எழுதி எட்டு வருஷம் கழித்து.

அந்த நியூகாசிலில்தான் ஷாக்கில்டனும் ஆடினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு நியூகாசில்மேல் பகை கிடையாது, அவர்களை யார் தோற்கடித்தாலும் சந்தோஷம் என்று சொல்வாராம்.

பதிவு 15 | மாலதி

இயக்குநர் பற்றியே பேசுகிறோம், தேர்வுக் குழுவை விட்டுவிட்டோம். இங்கிலாந்து அணிக்கு வால்டர் விண்டர்பாட்டம் மேனேஜர், ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது கமிட்டி. அதில் உட்கார்ந்தவர்களும் பெரும்பாலும் இதே கிளப் இயக்குநர்கள்தான். 1963-இல் ஆல்ஃப் ராம்சே வரும்வரை இதுதான் ஏற்பாடு. ஷாக்கில்டனுக்குக் கிடைத்தது மொத்தமே 5 ஆட்டம். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டதற்கு, நாங்கள் ஆடுவது வெம்பிளியில், பலேடியம் நாடகக் கொட்டகையில் இல்லை என்று ஒரு தேர்வாளர் சொன்னதாகக் கதை.

கடைசி ஆட்டம் 1954 டிசம்பர் 1, வெம்பிளி, ஒரு லட்சம் பேர். எதிரே மேற்கு ஜெர்மனி, அந்த ஜூலையில்தான் உலகக் கோப்பை வாங்கியவர்கள். 3-1 என்று இங்கிலாந்து ஜெயித்தது. மூன்றாவது கோல் ஷாக்கில்டனுடையது. கோல்கீப்பர் முன்னேறி வர, அவர் தலைக்கு மேலே பந்தை மெல்லத் தூக்கிப் போட்டார். அதன் பிறகு ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. 32 வயது என்பதை ஒரு காரணமாகச் சொல்லலாம். ஆனால் மேத்யூஸ் அந்த ஆட்டத்தில் 39 வயதில் ஆடினார்!

எனக்குப் புரியாதது இதுதான். ஒரு வருஷம் முன்னால், 1953 நவம்பரில், அதே வெம்பிளியில் ஹங்கேரி வந்து 6-3 என்று அடித்துவிட்டுப் போனது. அடுத்த மே மாதம் புடாபெஸ்டில் 7-1. வெம்பிளி ஆட்டத்தில் ஹங்கேரியின் புஷ்காஷ் பந்தை உள்ளங்காலால் பின்னுக்கு இழுத்து இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட்டை ஏமாற்றிய கோலை நாடே வாய் பிளந்து பார்த்தது. அதே சாமர்த்தியம் உள்ள ஆள் ஒருவர் சண்டர்லாந்தில் சனிக்கிழமைதோறும் ஆடிக்கொண்டிருந்தார். அவரைக் கோமாளி என்று ஒதுக்கிவிட்டு, ஹங்கேரிக்காரர்களை மேதைகள் என்றார்கள்.

பதிவு 16 | ஆஃப்சைடு

புஷ்காஷுக்குச் சுற்றி நாலு பேர் அதே மொழி பேசினார்கள். ஷாக்கில்டனுக்கு ஃபோர்டுதான் இருந்தார். இதை ஷாக்கில்டனுக்கு ஆதரவாக எடுத்துக்கொள்வீர்களோ எதிராக எடுத்துக்கொள்வீர்களோ, எனக்குத் தெரியாது. என் கட்சி இதுதான்: சக ஆட்டக்காரனுக்குப் பயன்படாத சாமர்த்தியம் பாதிச் சாமர்த்தியம்தான். கொடுமையான ஒப்பந்தத்தில் சிக்கிய நல்ல தொழிலாளி, கூட ஆடுவதற்குச் சிரமமான ஆளாகவும் இருந்திருக்கலாம். இரண்டும் ஒரே உடம்பில் இருக்க முடியாதா என்ன?

பதிவு 17 | பழைய பந்து

இருக்க முடியும். அதை நான் மறுக்கவே இல்லையே. புத்தகத்திலேயே அந்த ஆள் தெரிகிறார், தன் திறமை மேல் கொஞ்சமும் அடக்கம் இல்லாமல்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், ஆஃப்சைடுக்குப் பிடிக்கும். ஆட்டத்தை விட்ட பிறகு ஷாக்கில்டன் பத்திரிகையாளர் ஆனார். 1964-இல் முழங்கால் கெட்டு ஆட்டம் முடிந்துபோன சண்டர்லாந்துக்காரர் ஒருவர், பெயர் பிரையன் கிளஃப், வேலை தேடிக்கொண்டிருந்தார். ஹார்ட்டில்பூல்ஸ் கிளப்பில் 1965-இல் அவருக்கு மேனேஜர் வேலை கிடைக்கப் பேசிக் கொடுத்தவர்களில் ஷாக்கில்டன் ஒருவர். 1967-இல் டெர்பி கவுண்டிக்குப் போனதிலும் அவர் கை உண்டு. கிளஃப் 1972-இல் டெர்பியை லீக் சாம்பியன் ஆக்கினார். இயக்குநர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிய ஆள், இரண்டு கிளப் இயக்குநர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்திருக்கிறார்!

பதிவு 18 | கணக்கர்

கமிஷன் வாங்கினாரா? வாங்கவில்லை என்றால் அதுவும் 10 பவுண்டுக் கணக்குதான்.

சரி, ஒன்று கேட்கிறேன். ஃபோர்டு எழுதிய புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா? வாங்கியதாகச் சொன்ன பணத்தை எப்படி, எந்த ரூபத்தில் கொடுத்தார்கள் என்று அதில் எவ்வளவு தூரம் விவரிக்கிறார் என்று பார்க்க வேண்டும். வைக்கோல் பில்லையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

பதிவு 19 | ரோக்கர் எண்ட்

இங்கே பழைய புத்தகக் கடைகளில் அவ்வப்போது கண்ணில் படும், விலைதான் கொஞ்சம் அதிகம். கிடைத்தால் தனி இழை போடுகிறேன், அங்கே வாருங்கள். ஆஃப்சைடு, ஃபோர்டுக்கு வக்கீல் நீங்கள்தான்.